அல்புகர்க்கியின் வெயிலும் இடிமழையும்: கொக்குவிலில் இருந்து புறப்படும் ஒரு தாய்க்கு

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். "மாஸ்ரர், மகள் நியூ மெக்சிகோவில் அல்புகர்க்கி என்ற ஊரில் இருக்கிறாள். ஜூன் கடைசியில் நானும் இவரும் போய் மூன்று மாதம் நிற்கப் போகிறோம். அங்கே 38 பாகை வெயில், ஆனால் வியர்ப்பதே இல்லை என்கிறாள். ஜூலை, ஓகஸ்டில் பின்னேரம் பின்னேரம் இடியும் மழையுமாம், அதற்கு அவர்களும் மொன்சூன் என்றுதான் பெயர் சொல்கிறார்களாம். பாலைவனத்தில் எப்படி மொன்சூன் வரும்? யாழ்ப்பாண வெயிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த வெயில் ஒரு பெரிய விஷயமா? இவர் பிரஷருக்குக் குளிசை போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்ந்த வாய்க்கால் இருக்கிறதாம், பின்னேரம் அதற்குள்தான் நடக்கப் போவாளாம், எங்களையும் கூட்டிப் போவாளாம்."

நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். மகன் அதே ஊரில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு கோடை அங்கே நின்றிருக்கிறேன். அதனால் புத்தகத்தில் இருந்ததையும் கண்ணால் கண்டதையும் சேர்த்தே சொல்கிறேன். கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வாய்க்கால்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆனால் அதற்கு முதல் மற்றதெல்லாம் விளங்க வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். மொன்சூன் என்றால் மழை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. எங்கள் பாடப்புத்தகம் இதற்குப் பருவப்பெயர்ச்சி என்று பெயர் வைத்தது. பருவத்துக்குப் பருவம் காற்றுத் திசை பெயர்வதைச் சொல்லும் சொல் அது. மழை அந்தக் காற்றோடு வரலாம், வராமலும் விடலாம். இதை யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை இங்கே சோழகம் அடிக்கிறது. தென்மேல் பருவப்பெயர்ச்சி என்பது அதுதான். அதே காற்று இரத்தினபுரியில் மழையாய்க் கொட்டுகிறது, எங்களுக்குப் புழுதியைத்தான் கிளப்புகிறது. பனையோலை நாள் முழுக்கச் சடசடக்கிறது, கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போகிறது. அங்கே மலைநாட்டின் மேற்குச் சரிவு காற்றை மேலே தள்ளி மழையாக்குகிறது, அப்படித் தள்ள எங்களிடம் ஒரு குன்றுகூட இல்லை. எங்கள் மழை ஐப்பசியில் காற்று மாறும்போது தொடங்கி, வாடைக்காற்றோடு மார்கழி வரை பெய்து தீர்கிறது.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் நடப்பது காற்றுத் திசை பெயர்வதுதான். ஜூன் மாதத்தில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஒரு உயரமுக்கம், அதாவது காற்றழுத்தம் கூடிய ஒரு பகுதி, வட மெக்சிகோவின் மேல் குந்தியிருக்கும். அப்போது நியூ மெக்சிகோவுக்கு வருவது மேற்கில் இருந்து வரும் வறண்ட காற்று. வானத்தில் ஒரு முகில் இருக்காது, நிலம் காய்ந்துகொண்டே போகும். ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில் அந்த உயரமுக்கம் வடக்கே நகர்ந்து, யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ நான்கும் ஒரு புள்ளியில் தொடும் இடத்துக்குக் கிட்டப் போகும். அதைச் சுற்றி வரும் காற்று இப்போது தெற்கில் இருந்தும் தென்கிழக்கில் இருந்தும் வரும். கலிபோர்னியா வளைகுடா, மெக்சிகோ வளைகுடா, கிழக்குப் பசிபிக் மூன்றின் ஈரமும் அதோடு சேர்ந்து வரும். வடமேற்கு மெக்சிகோவின் சியரா மாட்ரே மலைத்தொடர் அதில் பெரும்பங்கைப் பறித்துக்கொள்கிறது. வருட மழையில் பாதிக்கு மேல் இந்த மாதங்களிலேயே கிடைக்கும் ஊர்கள் அங்கே நிறைய. அல்புகர்க்கி இந்தப் பருவப்பெயர்ச்சியின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் கிடைக்கிறதுதான் அதற்குக் கிடைக்கும்.

அமெரிக்க வானிலைச் சேவை 2008 முதல் ஜூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 30 வரை என்று நாள் குறித்து இதைக் கணக்கெடுக்கிறது. அதற்கு முதல் அரிசோனாவில் இன்னொரு முறை இருந்தது. காற்றைக் குளிராக்கிக்கொண்டு போனால் அதில் உள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிபடுநிலை என்கிறோம். பீனிக்ஸ் நகரில் அது தொடர்ந்து மூன்று நாள் 13 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ நின்றால் பருவம் தொடங்கிவிட்டது என்று எடுப்பார்கள். எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும். காற்றில் உண்மையாக எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்கிறது. அல்புகர்க்கியில் வருடம் முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 225 மில்லிமீற்றர், அதில் கிட்டத்தட்ட அரைவாசி ஜூலை முதல் செப்டெம்பருக்குள். எங்களுக்கு வருடத்துக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. கார்த்திகையில் ஒரு தாழமுக்கம் வந்து நின்றால், அவர்களுடைய ஒரு வருட மழையை நாங்கள் சில நாளில் பார்த்துவிடுவோம்.

இனி வெயில். அல்புகர்க்கி கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியாவை விடக் கொஞ்சம்தான் தாழ்வு. நுவரெலியாவில் சுவெற்றர் போடுகிறோம், அங்கே எப்படி 38 பாகை என்று கேட்பீர்கள். கோடையில் அங்கே பகல் பதினாலரை மணி நேரம் நீளும். மேலே முகில் இல்லை, கீழே ஈரமில்லை. ஈரமான நிலத்தில் விழும் வெயிலில் பெரிய பங்கு தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். காய்ந்த நிலத்தில் அத்தனையும் காற்றைச் சூடாக்கப் போகிறது. 1994 ஜூன் 26 அன்று அங்கே 41.7 பாகை பதிவானது, அந்த ஊரின் உச்சம் இன்றுவரை அதுதான். மகள் சொல்லும் 38 ஜூன் கடைசி வெயிலாக இருக்கும். மழை தொடங்கினால் பகல் 33, 34 பாகைக்கு இறங்கும். இரவில் 18, 19 வரை போகும். எங்களுக்கு இரவிலும் 27 பாகை, விடியும்வரை புழுக்கம். அங்கே விடிய எழும்பினால் தோளில் ஒரு சால்வை வேண்டும்.

ஆகவே எங்கள் ஊர் 34 பாகையை விட அவர்களின் 38 பாகை உடம்புக்குச் சுகமாகத்தான் தெரியும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசியில் பனிபடுநிலை 25 பாகைக்கு மேல். காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்து நிற்பதால் வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடம்பில் வழிகிறது. சட்டை நனைகிறது, "ஐயோ அவியுது" என்று சொல்லிக்கொண்டு நிழலுக்குப் போகிறோம், தண்ணீர் குடிக்கிறோம். எங்கள் உடம்பு எங்களுக்கு நேரத்துக்குத் தகவல் தருகிறது. ஜூன் மாதத்து அல்புகர்க்கியில் பனிபடுநிலை பூச்சியத்துக்குக் கிட்டவும் போகும். வியர்வை தோலுக்கு வந்த கணத்திலேயே காற்று அதை எடுத்துக்கொள்ளும். தோல் காய்ந்தே இருக்கும், நீங்கள் வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள். மகளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். உண்மையில் அங்கே வியர்வை எங்களை விட நன்றாக வேலை செய்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் அது கொண்டு போகும் வெப்பம், ஏழெட்டு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவ்வளவு தண்ணீர் உங்கள் உடம்பில் இருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும், அறிவிக்க ஒரு துளிகூட வழியாது.

நான் போன முதல் கிழமை, தோய்த்த சாரத்தைப் பின்வளவில் விரித்துப் போட்டேன். கொடியின் மற்ற முனையில் துவாயைப் போட்டு, கதிரையை நிழலுக்கு இழுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன், சாரத்தின் விளிம்பு காய்ந்துவிட்டது. கால் மணித்தியாலத்தில் முழுச் சாரமும் அப்பளம்போல் விறைத்துப்போய் நின்றது. அன்றுதான் என் உதடு ஏன் வெடிக்கிறது, ஏன் காலையில் இருந்து தலை இடிக்கிறது என்று பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதுவரை வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிளில் திரிந்தவன், வெயில் என்னை என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். எங்கள் ஊருக்குப் பழகிய உடம்பு அந்த ஊரில் தவறான தகவல் தரும், அதை நம்பாதீர்கள். தாகம் வரும்வரை காத்திருக்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக் குடியுங்கள். வெளியே போனால் மணிக்கு ஒரு தடவையாவது குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடிக்காமல் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ இடையில் எடுங்கள். மலையுயரத்தில் காற்று மெல்லியது, புற ஊதாக் கதிர் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் பத்து வீதம் அளவில் கூடும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அவசியம். உங்கள் கணவரின் பிரஷர்க் குளிசைகளில் சில சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை இறக்குபவை. புறப்படுவதற்கு முதல் வைத்தியரிடம் போகும் இடத்தையும் வெயிலையும் உயரத்தையும் சொல்லி அளவைக் கேளுங்கள். குளிசையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். சமையலுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதிக்கும், அதனால் பருப்பும் குத்தரிசியும் திறந்த பானையில் அவிய நேரம் எடுக்கும். குக்கரில் வையுங்கள்.

அங்கே பல வீடுகளில் ஏசி கிடையாது. கூரையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதன் பக்கங்களில் மரச்சீவல் அடைத்த மெத்தை, அதன்மேல் ஒரு சின்ன மோட்டர் தண்ணீரைச் சொட்டவிடும், உள்ளே இருக்கும் விசிறி வெளிக்காற்றை அந்த ஈர மெத்தைக்குள்ளால் இழுத்து வீட்டுக்குள் தள்ளும். ஸ்வாம்ப் கூலர் என்பார்கள். எங்கள் மண்பானை தண்ணீரைக் குளிராக்கும் அதே வித்தைதான். 36 பாகைக் காற்று 20 பாகையை ஒட்டி இறங்கி வீட்டுக்குள் வரும். இதை யாழ்ப்பாணத்தில் பூட்டினால் 33 பாகைக் காற்று 29க்குத்தான் இறங்கும், அதோடு வீடு முழுக்க ஈரமாகும்.

இரண்டாவது கோடையில் ஒரு நாள், ஜூலை முதல் கிழமை, அந்தப் பெட்டியில் இருந்து வந்த காற்று திடீரென்று மாறியிருந்தது. முதல்நாள்வரை குளிர்ந்த காற்று, அன்று ஈரச்சாக்கை முகத்தில் போட்டதுபோல். மருமகள் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஆளைக் கூப்பிடப் போனாள். நான் முற்றத்துக்கு வந்து தெற்கே பார்த்தேன். மலைக்கு அப்பால் முகில் கட்டியிருந்தது. பெட்டி பழுதாகவில்லை, காற்றுப் பெயர்ந்துவிட்டது. முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய விஷயத்தை அன்றுதான் என் முகத்தில் உணர்ந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் போகும். விடிய வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஊரின் கிழக்கே சாண்டியா மலை, உச்சி 3,255 மீற்றர். பதினொரு மணியளவில் அந்த முகட்டின்மேல் பஞ்சுபோல் ஒன்றிரண்டு முகில் முளைக்கும். வெயில் மலைச்சரிவைச் சூடாக்க, அதை ஒட்டிய காற்று மேலே ஏறுவதால் வருபவை அவை. மத்தியானம் திரும்ப அவை கோபுரமாகும், இரண்டு மூன்று மணிக்கு உச்சி தட்டையாகப் பரந்து அடி கறுக்கும். எங்கள் சித்திரைச் சிறுமாரியும், சூடேறிய காற்று இப்படி மேலே எழும்புவதால் வரும் இதே மேற்காவுகை இடிமழைதான். எங்களுக்கு மலை இல்லாததால் இரண்டு பக்கக் கடற்காற்றும் குடாநாட்டின் நடுவில் மோதி அந்த வேலையைச் செய்கிறது.

வித்தியாசம் முகிலின் அடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் 125 மீற்றர் என்று ஒரு எளிய கணக்கு உண்டு. எங்களுக்கு 33, 25 என்றால் வித்தியாசம் எட்டு, முகிலடி ஆயிரம் மீற்றரில். அவர்களுக்கு 36, 10 என்றால் இருபத்தாறு, முகிலடி மூவாயிரத்துக்கும் மேல். அவ்வளவு உயரத்தில் இருந்து விழும் மழைத்துளி வறண்ட காற்றுக்குள்ளால் வர வேண்டும், பல தடவை வந்து சேராது. தூரத்தில் முகிலின் அடியில் இருந்து சாம்பல் நிறச் சேலை முந்தானை தொங்கும், நிலத்துக்கு மேலேயே கலைந்து போகும். விர்கா என்று அதற்குப் பெயர். பார்க்க மிக அழகு, மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஆவியான மழை சும்மா போவதில்லை. ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துவிடும். குளிர்ந்த காற்று பாரமாகிக் கீழே விழும், நிலத்தில் அடித்து எல்லாப் பக்கமும் பரவும். ஒரு துளி மழை இல்லாமல் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் காற்று வரலாம், கதிரை மேசையெல்லாம் பறக்கும். காய்ந்த நிலம் என்றால் புழுதியைச் சுவராகக் கிளப்பிக்கொண்டு வரும். 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸ் நகருக்குள் வந்த புழுதிச் சுவர் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரம் இருந்தது. காரில் இருக்கும்போது அப்படி வந்தால் வீதியை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, பிரேக்கில் இருந்து காலை எடுக்க வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதை ஓடும் வாகனம் என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதுவார். மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மழை வந்து சேராவிட்டாலும் மின்னல் வந்து சேரும். காய்ந்த காட்டில் மழையில்லா மின்னல் விழுந்து எத்தனையோ தீ அப்படித்தான் தொடங்குகிறது. 2013 ஜூன் 28 அன்று அரிசோனாவில் யார்னெல் என்ற ஊருக்குப் பக்கத்து மலையில் மின்னலால் ஒரு தீ பிடித்தது. இரண்டு நாள் கழித்து ஒரு இடிமுகிலில் இருந்து பரவி வந்த காற்று தீயின் திசையைத் திருப்பியது, தீயணைக்கப் போன 19 பேர் அதற்குள் அகப்பட்டு இறந்தார்கள். அந்த 19 பேரை நினைக்காமல் நான் இந்தப் பாடத்தைப் பிறகு ஒரு நாளும் படிப்பித்ததில்லை.

எங்கள் ஊரில் இடி விழுந்து தலை கருகிய பனையைக் கண்டிருப்பீர்கள், பிறகு அந்த மொட்டைப் பனையில் கிளி கூடு வைக்கும். எங்கள் வெளியில் பனைதான் உயரம், மின்னலை அனேகமாக அதுதான் வாங்குகிறது. வயலில் தனியே நிற்கிறவர்மேலும் அது விழலாம். அங்கே மரமில்லாத மேட்டுநிலத்தில் நிற்கும்போது உயரமானது நீங்கள்தான். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் கேட்டால் உடனே வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும், கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. சாண்டியா முகட்டுக்குக் கேபிள் கார் இருக்கிறது, கட்டாயம் போங்கள். காலையில் போய் மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

அந்த நாட்டின் பழங்குடியான நவாஹோ மக்கள் மழையை ஆண் மழை, பெண் மழை என்று பிரித்துச் சொல்கிறார்கள். இடியோடு வந்து அடித்துவிட்டுப் போவது ஆண் மழை, மெல்லப் பெய்து நிலத்துக்குள் இறங்குவது பெண் மழை. கோடையில் நீங்கள் காணப்போவது ஆண் மழை. அரை மணித்தியாலத்தில் வெளுத்து வாங்கும். எங்கள் சுண்ணக்கல் நிலமென்றால் உறிஞ்சிக் கிணற்றுக்குக் கொடுத்துவிடும். அவர்களுடைய நிலம் வெயிலில் இறுகிப்போய்க் கிடக்கிறது, மலைச்சரிவு செங்குத்து. விழுந்த தண்ணீர் அத்தனையும் பள்ளத்தைத் தேடி ஓடும்.

அந்தப் பள்ளம்தான் உங்கள் மகளின் வாய்க்கால். அரோயோ என்பார்கள். வழுக்கியாறும் மழைக்கு ஓடிப் பிறகு காய்கிறதுதானே என்று நினைக்காதீர்கள். வழுக்கியாறு எங்கள் கண்முன்னே, நாள் எடுத்து நிறையும். அரோயோவில் தண்ணீர் நடந்து வருவதில்லை, மண்ணும் கல்லும் மரக்கட்டையும் சேர்ந்து ஒரு சுவராக வரும். அதைவிட முக்கியம், அந்த மழை உங்கள் தலைக்குமேல் பெய்திருக்கத் தேவையில்லை. 1997 ஓகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் அன்டிலோப் கன்யன் என்ற பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் நின்ற 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது பல கிலோமீற்றர் தள்ளி. லடாக்கும் இதே மாதிரி உயர்ந்த பாலைவனம். அங்கே லே நகரில் 2010 ஓகஸ்ட் 6 அதிகாலை கொட்டிய மழையில் இருநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். காட்டுத்தீ எரிந்த சரிவு என்றால் இன்னும் மோசம், எரிந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. அல்புகர்க்கியின் தெற்கே ருயிடோசோவில் 2024 ஜூனில் காடு எரிந்தது, 2025 ஜூலை 8 அன்று வந்த வெள்ளத்தில் 3 உயிர் போனது.

அல்புகர்க்கிக்குள் இந்த வாய்க்கால்களில் பலவற்றுக்குச் சரிவான கொங்கிரீட் கரை கட்டியிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது நடக்க நல்ல பாதைபோல் தெரியும். தண்ணீர் வந்தால் ஏறிப் பிடிக்க ஒரு கல்லோ செடியோ இருக்காது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே அதற்குள் இறங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளியூரில் இருந்து போய்க் குடியேறியவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

உங்கள் மகளிடம் இன்றைக்கே ஒன்று கேளுங்கள். அந்த வாய்க்கால் எங்கே தொடங்குகிறது? கிழக்கே சாண்டியா பக்கம் இருந்து வருவதென்றால், ஜூலை தொடக்கம் செப்டெம்பர் முடியும்வரை மத்தியானத்துக்குப் பிறகு அதற்குள் ஒருவரும் இறங்க வேண்டாம், உங்கள் தலைக்குமேல் வானம் எவ்வளவு வெளித்திருந்தாலும் சரி. நடக்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு, கரையின் மேலால் நடவுங்கள். அந்த நேரம் காற்றுக் குளிர்ந்திருக்கும், மலையிலும் முகில் இருக்காது. சால்வையை எடுத்துக்கொண்டு போங்கள்.